சபா மலர், 160 பக்கம், 20×30 தாள்: லோகோவிலிருந்து பைண்டிங் வரை

மலர் 1,000 பிரதி அச்சாகி முடிந்தது. 700 பிரதி ஒழுங்காக இருக்கிறது. மீதி 300-இன் அட்டை மேலும் கீழும் வெளிப்பக்கமாகச் சுருண்டு, முதுகு மடிப்பில் வெள்ளைக் கீறல் விட்டிருக்கிறது. காரணம், அட்டைத் தாளில் ₹1,200 மிச்சம் பிடித்தது. அந்தக் கணக்கு கீழே வருகிறது. அதற்கு முந்தைய கட்டங்களிலும் சறுக்கல்கள் உண்டு, அவற்றையும் வரிசையாகவே எழுதிவிடலாம்.

வேலை இதுதான்: மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவுக்கு 75-ஆம் ஆண்டு. புது லோகோ, மார்கழி சீசனுக்கு டிக்கெட், அழைப்பிதழ், மேடை பேனர், கூடவே தமிழும் ஆங்கிலமுமாக ஒரு வரலாற்று மலர். ஜூலையில் ஆரம்பம், டிசம்பர் முதல் வாரம் வெளியீடு. சபாவின் பெயர் இங்கே தேவையில்லை. பெயரில் ‘கலை’ என்ற சொல் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

லோகோ

சென்னையில் சபா லோகோ என்றால் வீணை, தம்புரா, குத்துவிளக்கு, தாமரை, இந்த நான்கில் ஒன்று. எங்கள் முதல் வரைவும் வீணைதான். கமிட்டிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டிக்கெட்டில் லோகோவுக்குக் கிடைக்கும் இடம் 12 மி.மீ. அந்த அளவில் சாதாரண லேசர் பிரிண்டரில் எடுத்துப் பார்த்ததும் ஏழு தந்தியும் ஒரே கறுப்புக் கோடாகிவிட்டது. வாட்ஸ்அப் முகப்புப் பட வட்டத்துக்குள் வைத்தால் ஒரு பக்கம் யாளி முகம் போனது, மறுபக்கம் குடம் போனது. மூன்று வார வேலை அதோடு முடிந்தது. இப்போது எந்த லோகோவானாலும் திரையில் காட்டுவதற்கு முன்பு 12 மி.மீ. கறுப்பு வெள்ளை, ரப்பர் ஸ்டாம்ப், வட்ட முகப்புப் படம், 12 அடி பேனர் என நான்கையும் ஒரே ஏ4 தாளில் சிறிதாக வைத்துத்தான் எடுத்துப்போகிறோம்.

இரண்டாவது வரைவுக்கு அடிப்படை, சபா அலுவலகத்தின் பின்கட்டில் கிடந்த பழைய தகரப் பெயர்ப்பலகை. பெயின்டர் பிரஷ்ஷால் எழுதியது, கோடு திரும்பும் இடமெல்லாம் லேசாகப் புடைத்திருக்கும். அதை மொபைலில் கிட்ட நின்று எடுத்தால் ஓர எழுத்துகள் விரிந்துவிடும். மூன்று மீட்டர் தள்ளி நின்று, 50 மி.மீ. லென்ஸில், பலகைக்கு நேர் எதிரே கேமராவை நிறுத்தி, ஒரு அடி ஸ்கேலையும் சட்டகத்துக்குள் வைத்து எடுத்தோம். வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரின் தானியங்கி டிரேஸ் (படத்தைக் கோடுகளாக மாற்றுவது) மூன்று எழுத்துக்கு நானூறுக்கு மேல் புள்ளிகளைக் கொடுத்தது. பெரிதாக்கினால் கோடெல்லாம் நடுங்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, வளைவின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய உச்சங்களில் மட்டும் புள்ளி வைத்துக் கையால் வரைந்ததில் 61 புள்ளிகளில் முடிந்தது.

சிக்கல் ‘லை’யில் வந்தது. பலகையில் இருப்பது பழைய லை, யானைத் துதிக்கை போல முன்னால் சுழிக்கும் வடிவம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கையை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைப் போல ஐகாரக் கொம்புக்கு மாறின. கமிட்டியில் மூத்தவர்களுக்குப் பழைய வடிவம்தான் வேண்டும். டிக்கெட் கவுன்ட்டரில் நின்ற கல்லூரிப் பிள்ளைகளிடம் காட்டினால் “இது என்ன எழுத்து சார்?” என்றார்கள். பெயரையே வாசிக்க முடியாத லோகோவை வைத்து என்ன செய்வது? லோகோவில் இன்றைய லை, ஆனால் கோட்டின் புடைப்பு பலகையில் உள்ளபடியே. பழைய லை மலரின் உள்ளட்டைத் தாளிலும் அத்தியாயத் தொடக்கங்களிலும் அலங்காரமாக வந்தது. யூனிகோடில் அந்தப் பழைய வடிவத்துக்குத் தனி எண் கிடையாது என்பதால் எழுத்தாகத் தட்டச்ச வராது, படமாகத்தான் வைக்க வேண்டும். தலைப்புச் சொற்களுக்குள் அதைப் புகுத்தக் கூடாது. புகுத்தினால் பிடிஎஃப்பில் தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது.

நிறம் ஒன்றே ஒன்று, அடர் சிவப்பு. ஆர்ட் தாளுக்கு சியான் 20, மெஜந்தா 95, மஞ்சள் 85, கறுப்பு 15. இதே கலவையை ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்தோம், செங்கல் பழுப்பாக வந்தது. ஃப்ளெக்ஸுக்கு கறுப்பை அடியோடு எடுத்து, சியானை 10-க்கு இறக்கி, மெஜந்தாவை 100 ஆக்கிய பிறகு சரியானது. சபாவிடம் கொடுத்த ஃபோல்டரில் ‘தாள்’, ‘ஃப்ளெக்ஸ்’, ‘திரை’, ‘ஸ்டாம்ப்’ என்று நான்கு கோப்புகள், பெயரும் தமிழிலேயே. ‘ஃபைனல் 3’ என்று பெயர் வைத்தால் பேனர்க்காரருக்குப் போய்ச் சேர்வது எது என்று யாருக்கும் தெரியாது.

கட்டுரைகளைச் சேர்த்தது

பதினொரு கட்டுரைகள். பாதி பழைய பேஜ்மேக்கர் கோப்புகள், யூனிகோடு அல்லாத பாமினி, ஸ்ரீலிபி எழுத்துருக்களில். மீதி வேர்டு, கையெழுத்துப் பிரதி, ஒன்று வாட்ஸ்அப் குரல் பதிவு. பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்ற ஒரு நிமிடம்தான். மாற்றியதைத் திருத்த ஒன்பது நாள் ஆயிற்று.

எங்கே கெடும் என்று முன்பே தெரிந்தால் தேடித் திருத்தலாம். பழைய தட்டச்சில் துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் ஒன்றுக்குப் பதில் மற்றது விழுந்திருக்கும். ‘பாட்டு’ ‘பரட்டு’ ஆகியிருக்கும். ‘ஔ’வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் தனித்தனியே இருக்கும். ‘மௌனம்’ என்பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து நிற்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடலிலும் அகரவரிசையிலும் காலை வாரிவிடும். ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகக் குறியேற்றப்படுகிறது, இரண்டும் ஒரே உருவில் தெரியும். மலர் முழுக்க ஒன்றாக்க வேண்டும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் மாற்றத்தில் தமிழ்க் கிறுக்கலாகிவிடும், அவற்றை மூலத்தைப் பார்த்துக் கையால்தான் போட முடியும். இந்தத் திருத்தமெல்லாம் வடிவமைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் ஊற்றிய பிறகு திருத்தினோம், வரிகள் நகர்ந்து 14 பக்கம் மறுபடி அடுக்க வேண்டிவந்தது.

பெயர்களுக்கு ஒரு தனி அட்டவணை போட்டோம். சுப்புலக்ஷ்மியா சுப்புலட்சுமியா, ராமானுஜ ஐயங்காரா இராமானுஜ ஐயங்காரா என்று பதினொரு பேரும் பதினொரு விதம். கலைஞர் தாமே கையெழுத்திட்ட வடிவம் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் சபாவின் பழைய நிகழ்ச்சி நிரலில் உள்ளது. முதலெழுத்துகளுக்கு நடுவிலும் பெயருக்கு முன்பும் பிரியா இடைவெளி (அந்த இடத்தில் வரி உடையாது) கட்டாயம். ‘எம்.’ ஒரு வரிக் கடைசியிலும் ‘எஸ்.’ அடுத்த வரித் தொடக்கத்திலும் நின்றால் சங்கீத மலருக்கு அதைவிட அசிங்கம் இல்லை.

பக்க அமைப்பு

அளவு கிரவுன் கால், அதாவது 7.25×9.5 அங்குலம். 20×30 அங்குலத் தாளின் ஒரு புறத்தில் 8 பக்கம், இரு புறமும் சேர்த்து 16. ஆகவே ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் தொகுதி, 16 பக்கம்; 160 பக்கத்துக்குப் பத்து ஃபாரம் கச்சிதமாக வரும்.

முதலில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சம அகலத்தில் இரண்டு பத்தி. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே விஷயத்துக்குத் தமிழ் ஏறக்குறைய 1.35 மடங்கு இடம் எடுத்துக்கொண்டது. நான்கு பக்கக் கட்டுரையில் ஆங்கிலம் மூன்றாம் பக்கத்திலேயே தீர்ந்து, வெறும் வெள்ளைப் பத்தி நின்றது. மாற்றியமைத்த பிறகு கணக்கு: வெளி ஓரம் 18 மி.மீ., தமிழ்ப் பத்தி 92, இடைவெளி 6, ஆங்கிலப் பத்தி 48, உள் ஓரம் 20. மொத்தம் 184. தமிழ் 10 பாயின்ட், வரி உயரம் 15. ஆங்கிலம் 8.5 பாயின்ட், வரி உயரம் 11.25. மூன்று தமிழ் வரியும் நான்கு ஆங்கில வரியும் ஒரே 45 பாயின்டில் வந்து சேரும், பக்கம் ஆடாது.

உடல் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு அனெக் தமிழ். இரண்டுமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அனெக்கில் எழுத்தின் அகலத்தையே கூட்டிக் குறைக்கலாம். ‘நாகஸ்வரக் கச்சேரிகளும் நள்ளிரவு ரசிகர்களும்’ மாதிரித் தலைப்பை ஒரே வரியில் அடக்க அது உதவியது. சாதாரண எழுத்துருவைப் பக்கவாட்டில் நசுக்கினால் செங்குத்துக் கோடு மெலிந்து, கிடைக்கோடு மட்டும் தடிமனாகத் தெரியும். புள்ளியும் முட்டை வடிவமாகிவிடும்.

பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உடைந்து, ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் தேர்வாகியிருக்காது. அதைத் தேர்ந்தெடுத்த பத்தியில் மட்டும் மாற்றினால் அடுத்து ஒட்டும் கட்டுரையில் பழையபடி ஆகும். பாரகிராஃப் ஸ்டைலுக்குள்ளேயே மாற்றிவைக்க வேண்டும். வேர்டிலிருந்து வரும் கறுப்பு பெரும்பாலும் நான்கு நிறம் கலந்த கறுப்பாக உள்ளே நுழையும். மெஷினில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் புள்ளியும் ‘ண’வின் சுழிகளும் மங்கும். ஸ்வாட்ச் பட்டியலில் அந்தக் கறுப்பை அழித்து, வெறும் 100 சதக் கறுப்புக்கு மாற்றியாக வேண்டும்.

வரி உடைப்புக்குத்தான் அதிக நேரம் போனது. ‘அரங்கேற்றப்பட்டிருந்தபோது’ போன்ற சொற்கள் 92 மி.மீ. பத்தியில் அடுத்த வரிக்குப் போனால் முந்தைய வரியில் ஓட்டை விழும். சொல் இடைவெளியைக் கூட்டிப் பார்த்தோம், பத்தியில் வாய்க்கால் வெட்டியது போல வெள்ளை ஓடியது. தமிழில் ஹைஃபன் இல்லாமலே சொல்லை உடைப்பது பழைய வழக்கம்தான். ஒரே விதி, புதிய வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. கிரெப் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் வசதி) தேடலில், உயிர்மெய்க்கு முன்னால் மட்டும் கண்ணுக்குத் தெரியாத உடைப்புக் குறி விழும்படி செய்தோம். முதல் முறை எல்லாச் சொல்லிலும் ஓடவிட்டதில் ‘ராகம்’ ‘ரா’ என்றும் ‘கம்’ என்றும் இரண்டு வரியில் கிடந்தது. பிறகு ஒன்பது எழுத்துக்குக் குறையாத சொற்களுக்கு மட்டும், இரு முனையிலும் மூன்று எழுத்து விட்டு. மனிதர் பெயர்களும் ராகப் பெயர்களும் விலக்கு. குறி போடுவதற்கு முந்தைய சுத்தப் பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மின்னூலுக்கு அதுதான் வேண்டும்.

பெயர் அகராதியை இன்டிசைன் வரிசைப்படுத்தியது சரிவரவில்லை. யூனிகோட் எண் வரிசையில் ஜ ச-வுக்கு அடுத்தும், ன ந-வுக்கு அடுத்தும், ற ர-வுக்கு அடுத்தும் நிற்கின்றன. நம் அகரவரிசை அப்படியில்லை. லிப்ரேஆபீஸ் தாளில் ஒட்டி, மொழியைத் தமிழ் என்று கொடுத்து வரிசைப்படுத்தியதும் ஒழுங்கானது.

படங்கள்

புகைப்படப் பிரதிகளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் இரு மடங்கு பெரிதாக்கியும் 300 நிற்கும். பழைய மலர்களில் பிளாக் (உலோக அச்சுக்கட்டை) வைத்து அச்சான படங்கள் வேறு கதை. அவற்றின் புள்ளித் திரையும் நம் அச்சின் திரையும் மோதி, பட்டுப்புடவை நெளிவு போல அலை விழும். 1,200-இல் ஸ்கேன் செய்து, லேசாக மங்கலாக்கி, 300-க்குச் சுருக்கி, பிறகு கூர்மையூட்டினோம். அதையும் மூலத்தைவிடப் பெரிதாகப் போடவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தின் நீளப்பக்கம் 1,600 பிக்சல். 300-இல் அது பதின்மூன்றரை செ.மீ. தாண்டாது. ‘டாக்குமென்ட்டா அனுப்புங்க மாமா’ என்று சொல்லச் சொல்லித்தான் பாதிப் படங்கள் உருப்படியாக வந்தன. இன்னொன்று, ஒரு படத்தின் பிரதி சபாவின் அலமாரியில் இருப்பதால் மட்டும் அச்சிடும் உரிமை சபாவுக்கு வந்துவிடாது. பத்திரிகைப் படம் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். அனுமதி வராத ஒன்பது படங்களை எடுத்துவிட்டோம்.

ஃபாரம், பிளேட், தாள்

வண்ணப் படங்களை மலர் முழுக்கத் தூவினால் பத்து ஃபாரத்துக்கும் நான்கு நிறம், இரு புறம், 80 பிளேட் (தாளின் ஒரு புறத்தில் ஒரு நிறத்துக்கு ஒரு அச்சுத் தகடு). வண்ணப் படங்கள் எல்லாவற்றையும் 49 முதல் 96 வரை மூன்று ஃபாரத்துக்குள் சேர்த்தோம். அந்த மூன்றுக்கு 24, மீதி ஏழும் ஒரே கறுப்பு என்பதால் 14, மொத்தம் 38. பிளேட் ஒன்று ₹350 வீதம் ₹14,700 மிச்சம். இதை லேஅவுட் தொடங்கும் முன்பே முடிவு செய்தால்தான் முடியும்.

உள்தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) மேப்லித்தோ, பளபளப்பில்லாத வெள்ளைத் தாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் கிலோ கணக்கில்தான் பேசுவார்கள். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 3,100-ஆல் வகுத்தால் 500 தாள் கொண்ட ரீமின் எடை. 20×30×100-க்கு 19.35 கிலோ. பத்தாயிரம் தாளும் 5 சதக் கழிவும் சேர்த்து 21 ரீம், 406 கிலோ. கிலோ ₹95 என்று ₹38,600 ஆயிற்று. 80 இதழ்களின் தடிமன் 10 மி.மீ., தையல் பைண்டிங்குக்கு அரை மி.மீ. கூட்டி முதுகு 10.5. இதை வாங்கிய ரீமிலிருந்தே தாள் எடுத்து டம்மி (அச்சில்லாத மாதிரிப் புத்தகம்) தைத்து அளக்க வேண்டும். அதே ஜிஎஸ்எம்மிலும் மில் மாறினால் தடிமன் மாறும்.

அட்டை

அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, வெளிப்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன். முன், பின், முதுகு, 3 மி.மீ. ப்ளீட் (ஓரத்தில் வெட்டிப் போகும் கூடுதல் அச்சு) எல்லாம் சேர்த்து விரித்தால் 15.15×9.74 அங்குலம். உள்ளே அச்சான 20×30-இலேயே நான்கு அட்டை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். இரண்டு பக்கவாட்டில் வைத்தாலே 30.3 வந்துவிடுகிறது. 23×36 போர்டுக்குப் போனோம். அதில் நான்கு வைக்கலாம், 250 தாளில் வேலை முடியும். திருப்பி வைத்தால் மூன்றுதான், 334 தாள் வேண்டும். 84 தாள், பதின்மூன்றரை கிலோ, ₹1,200. நான்கு என்று முடிவெடுத்தோம்.

போர்டின் இழை (கிரெய்ன், அதாவது தாளின் நார்கள் ஓடும் திசை) 36 அங்குலப் பக்கமாக ஓடியது. நான்கு வைக்கும் அமைப்பில் முதுகு 23 பக்கமாக வரும். அதாவது இழை முதுகுக்குக் குறுக்கே. குறுக்கே மடிக்கும்போது இழை முறிந்து, லேமினேஷனுக்கு அடியில் சிவப்பு மை விண்டு வெள்ளைக் கீறல் தெரிந்தது. அட்டை அச்சானது நவம்பர் முதல் வாரம், நல்ல மழை. பிளாஸ்டிக் ஒட்டிய வெளிப்பக்கம் ஈரம் வாங்காது. திறந்த உள்பக்கம் வாங்கி விரியும், அதுவும் இழைக்குக் குறுக்கேதான் விரியும். அதனால்தான் மேல் ஓரமும் கீழ் ஓரமும் வெளியே சுருண்டன. 300 பிரதி தைத்து ஒட்டி வந்த பிறகே பார்த்தோம். பைண்டர் ஒன்றைக் கையில் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: “கிரெய்ன் பாத்தீங்களா சார்?”

பார்ப்பது அரை நிமிட வேலை. தாளின் மூலையில் இருந்து ஒரு சதுரம் வெட்டி, தாளின் நீளப் பக்கம் எது என்று குறித்து, ஒரு பக்கத்தை மட்டும் நனைக்க வேண்டும். குழலாகச் சுருளும். அந்தக் குழலின் நீளம் எந்தத் திசையோ அதுதான் இழை. உள்தாளுக்கும் இதே சோதனைதான். 20×30-இல் இந்த அளவுக்கு முதுகு 20 அங்குலப் பக்கம் வரும், இழையும் அதே பக்கம் இருக்க வேண்டும். உள்தாள் நல்லவேளையாக அப்படி இருந்தது. எங்கள் சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை.

மீதி 700-க்கு அட்டை மறுபடி, தாளுக்கு மூன்று வீதம். கழிவோடு 260 தாள் ₹3,750, பெரிய மெஷினுக்கு நான்கு பிளேட் ₹1,800, அச்சு ₹2,500, லேமினேஷன் ₹3,400. ஆக ₹11,450. இந்த முறை லேமினேஷன் முடிந்ததும் ஒரு நாள் விசிறிக் காற்றில் விட்டு, மடிப்புக் கோடு அழுத்திய பிறகே ஒட்டினோம். கீறல் இல்லை. மழை நாளில் முன் ஓரம் ஒரு மி.மீ. தூக்குகிறது, புத்தகங்களை அடுக்கிவைத்தால் படிந்துவிடுகிறது.

சுருண்ட 300-ஐ இருபது இருபதாக, முதுகை மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பலகையும் பத்து கிலோ எடையும் வைத்து ஏசி அறையில் இரண்டு நாள் போட்டோம். நிமிர்ந்தன. வெளியே எடுத்த மறுநாளே பழைய கோலம். அடுத்த வேலையில் அட்டையின் உள்பக்கத்துக்கும் ஒரு வார்னிஷ் கோட் கொடுத்துப் பார்க்கப் போகிறோம், ஈரம் இரு பக்கமும் சமமாகத் தடைபடும். அட்டை வேலையையும் அக்டோபர் பாதிக்குள், மழைக்கு முன்பே முடிக்க வேண்டும். லோகோவுக்குப் போன அந்த மூன்று வாரம் கையில் இருந்திருந்தால் இந்த முறையே முடிந்திருக்கும்.

1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான ஒவ்வொரு நூலும் போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும் ஒன்று. அங்கே அனுப்பிய பிரதி 700-இல் இருந்து எடுத்தது.